எல்லாமே 'பிக்' தானா?

கேள்வி: படிவம் இரண்டில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் எதற்கெடுத்தாலும் 'பிக்', 'ஹெவி' என்றே எழுதுகிறாள். வேறு என்ன சொற்களைச் சொல்லித் தரலாம்?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் 'பல்க்கி'. இடத்தை அடைக்கும் பொருளுக்கு இது, கனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பஞ்சு மெத்தையை அடுக்குமாடி லிஃப்டுக்குள் நுழைக்கப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். 'ஹெஃப்டி' என்றால் கையில் எடுத்ததும் கனம் தெரிய வேண்டும், அம்மிக்குழவி மாதிரி. பெரிய அபராதத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'அன்வீல்டி'. 'வீல்ட்' என்றால் கையாளுவது, பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஆளுவது என்றே பொருள், ஆக நம் கைக்கு அடங்காததுதான் அன்வீல்டி. நீளமான அலுமினிய ஏணியைப் பாருங்கள், எடை குறைவுதான், ஆனால் படிக்கட்டில் திருப்பும்போது ஒரு முனை சுவரில் இடிக்கும், மறுமுனை பக்கத்து வீட்டுக் கதவில் இடிக்கும். 'கம்பர்சம்' அதற்கு நெருங்கிய சொந்தம். பத்து இடத்தில் கையெழுத்து கேட்கும் நடைமுறையைக்கூட அப்படிச் சொல்லலாம்.

அப்புறம், பத்துமலையில் 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலையைப் பற்றி எழுதினால் 'மாசிவ்' அல்லது 'கலோசல்' என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே 'பல்க்கி' போட்டால் குறை சொல்வது போல் ஆகிவிடும்.