அனிமேல ரீகேப் வந்துச்சுன்னா சீரிஸ் முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல

ப்ரோ, நீங்க பாக்குற அனிமேல புது எபிசோட் வரவேண்டிய வாரத்துல ரீகேப், அதாவது பழைய எபிசோட் காட்சிகளோட தொகுப்பு, போட்டுட்டாங்க, சீரிஸையே நிறுத்திட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க. ஜப்பான்ல டிவி ஸ்லாட்டை முன்னாடியே வாங்கிடுவாங்க, எபிசோட் முடியலன்னா அந்த அரை மணி நேரத்தை காலியா விட முடியாது, அதான் ரீகேப். 2023ல ஸோம் 100ங்கிற அனிமே இப்படித்தான் தள்ளித்தள்ளிப் போய் கடைசி 3 எபிசோட் டிசம்பர்லதான் வந்துச்சு, அதே வருஷம் நியர் ஆட்டோமேட்டா அனிமேவோட கடைசி 4 எபிசோடையும் ஜூலைல ஒரே நாள்ல போட்டாங்க. எண்ட் கிரெடிட்ல அனிமேஷன் டைரக்டர்னு (வரைஞ்ச படங்களைத் திருத்துறவங்க) பதினஞ்சு இருபது பேர் வரிசையா வந்தா கடைசி நேரத்துல ஆள் சேத்து முடிச்சிருக்காங்கன்னு பெரும்பாலும் புரிஞ்சுக்கலாம், எனக்கு அதைப் பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். தயவுசெஞ்சு வரையுறவங்களை டேக் பண்ணி மட்டும் திட்டாதீங்க, ரெண்டு வாரம் லேட்டானாலும் பரவால்ல, அவங்க தூங்கி எந்திரிச்சு வரையட்டும்.