மன்னார் எம்.பி.யை எங்கே தேடுவது?

கேள்வி: மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறோம். சொந்த ஊர் இலங்கையில் மன்னார், பேசாலை. அடுத்த மாதம் ஊர் திரும்புகிறோம். காணி (நிலம்) பிரச்சினைக்கு மன்னார் எம்.பி.யைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் யார்? வாக்காளர் பட்டியலில் இங்கிருந்தே பெயர் சேர்த்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஊருக்குப் போய்க் குடியேறியபின், அங்குள்ள கிராம அலுவலரிடம் படிவம் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. இங்கிருந்தபடி இலங்கைத் தேர்தலில் ஓட்டுப் போட வழியே இல்லை. 1990இல் படகேறி வந்தவருக்கு இங்கும் ஓட்டில்லை, அங்கும் ஓட்டில்லை. இரண்டு அரசுகளுக்கும் இதில் அவசரமில்லை; அந்தச் சந்தில்தான் ஜெராக்ஸ் படிவத்தோடு புரோக்கர்கள் நுழைகிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய குடியுரிமைப் பதிவைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கும் ஆள் பிடிக்காதீர்கள்.

சரி, எம்.பி. விஷயம். 1977 தேர்தல் வரை மன்னாருக்கென்று தனி எம்.பி. உண்டு, நம் ராமநாதபுரத்துக்கு இருப்பதுபோல. 1989 முதல் விகிதாசார முறை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். ஓட்டுக் கணக்குப்படி கட்சிகளுக்கு இடம் பிரியும். 2024இல் வன்னியின் 6 இடங்களை 5 கட்சிகள் பங்குபோட்டன. அந்த ஆறு பேருமே உங்கள் எம்.பி.தான். ‘அது என் பகுதியில்லை’ என்று ஒருவர் தட்டிக்கழித்தால் விடாதீர்கள்.

நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது. கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி). பிறகு கீழே, பிடித்த வேட்பாளர்களின் எண்களில் அதிகபட்சம் மூன்று புள்ளடி. கட்சியை விட்டுவிட்டு எண்ணில் மட்டும் போட்டால் ஓட்டு வீண். 1, 2, 3 என்று எழுதுவது ஜனாதிபதித் தேர்தலுக்கு. இங்கே அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் பிரதேச சபை, அதாவது உள்ளூராட்சி சபை, தேர்தல் அப்படியில்லை. 2018 முதல் அங்கே 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேராக ஜெயிக்கிறார்கள், மீதி 40 சதவீதம் கட்சிப் பட்டியலில் இருந்து. கட்சிக்கு ஒரே புள்ளடி, விருப்பு எண் எதுவும் கிடையாது. அதாவது உங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு உறுப்பினர் உண்டு. தெருவிளக்கு, ஊர் ரோடு என்றால் அவரைப் பிடியுங்கள்.

காணிக்கு அவரும் வேண்டாம், எம்.பி.யும் அப்புறம்தான். பத்திரம், அனுமதிப்பத்திரம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகம் என்ற அரசு அலுவலகத்துக்குப் போங்கள். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு; வாசலில் நின்று ‘நான் கூட்டிப் போகிறேன்’ என்பவரை நம்பாமல் உள்ளே போய்க் காணிப் பிரிவைக் கேளுங்கள்.