பாஸை அடிக்க பாஸ்வேர்டு எதற்கு?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பழைய பி.எஸ்.4 கேம் கன்சோல் ஒன்றும் எல்டன் ரிங் என்ற விளையாட்டின் டிஸ்க்கும் வாங்கி 3 வாரம் ஆகிறது. கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், 60 தடவைக்கு மேல் செத்துவிட்டேன். என் லெவல் 17. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், 1,200 ரூபாய் கொடுத்தால் ஒரே ராத்திரியில் லெவல் 150 ஆக்கித் தருவதாகச் சொல்லி ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கிறார். 300 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா, அல்லது நானே ஜெயிக்க வழி இருக்கிறதா? இன்னொன்று: கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் லேசாகத் தானாகவே நகர்கிறது. தோற்பதற்கு அதுதான் காரணமா?

பதில்: தம்பி, பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்த 300 ரூபாயைக் கடலில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுநகர்க்காரருக்குக் கடல் தூரமில்லை.

மார்கிட் எங்கேயும் போய்விட மாட்டான், அந்த வாசலிலேயேதான் நிற்பான். அதற்குள் இந்த ஆள் என்ன செய்வார் என்று சொல்லிவிடுகிறேன். பாண்டியில் கன்சோல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கதையோடு கடைப்படி ஏறுபவர்கள் குறைவதாகவே தெரியவில்லை.

அவர் தன் வீட்டுக் கன்சோலில் உங்கள் ஐடியைப் போட்டு நுழைவார். உங்கள் சேவ் ஃபைலை எடுத்து, அதில் எண்களை மாற்றி, திருப்பி ஏற்றுவார். அதோடு நிறுத்திக்கொண்டால் அவர் உத்தமர். மற்றவர்கள் நுழைந்த கையோடு இமெயிலை மாற்றுவார்கள், பாஸ்வேர்டை மாற்றுவார்கள், உங்கள் ஐடியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்த டிஜிட்டல் விளையாட்டுகளை நாலு பேருக்கு 'ஷேரிங் ஐடி' என்று விற்பார்கள். அதன்பிறகு அந்த ஐடி உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். வில்லியனூர்ப் பையன் ஒருவனுக்காக நானே உட்கார்ந்து உதவி மையத்துக்கு எழுதினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 11 நாளில் 6 பதில் வந்தது, ஆறும் ஒரே பதில். எழுதியது மனுஷன் இல்லை. கடைசியில் "பாஸ்வேர்டை நீங்களே பகிர்ந்துகொண்டதால் எங்களால் உதவ இயலாது" என்று ஒரு வரி. காவல் நிலையத்தில் "கேம் தானே தம்பி, விடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் அதில் கொட்டியிருந்தது இரண்டு மாதச் சம்பளம்.

நீங்கள் அந்த நிலைக்குப் போகவில்லை. இருந்தாலும் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அந்த ஆள் "ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்றால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அடியுங்கள். உடனே என்றால் உடனே, மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து அல்ல.

சேவ் ஃபைலில் கைவைக்காமல் வேறு மாதிரி செய்பவர்களும் உண்டு. ஆன்லைனில் கூட்டாளியாக உங்கள் உலகத்துக்குள் வந்து, விளையாட்டில் இருக்கவே கூடாத பொருளைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். அதை எடுத்து வைத்ததற்கே 180 நாள் ஆன்லைன் முடக்கம் வாங்கியவர்கள் 2022இல் இருந்தார்கள். விற்றவனுக்கு ஒன்றுமில்லை, வாங்கியவனுக்குத்தான் தண்டனை. என்ன நியாயமோ.

சரி, நியாயமாகவே லெவல் 150 ஆக்கிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மார்கிட் நாலு வெட்டில் விழுவான். ஆனால் இந்த விளையாட்டில் லெவல் என்பது பாதி, கை பழகுவது மீதிப் பாதி. பின்னால் மலேனியா என்று ஒருத்தி வருவாள். அவள் அடி உங்கள் மேல் பட்டாலே அவளுக்கு உயிர் ஏறும், கேடயத்தில் வாங்கினாலும் ஏறும். அங்கே போய் நின்றுகொண்டு இன்னொரு 1,200 ரூபாய்க்கு ஆள் தேடுவீர்கள்.

இந்தப் புரோக்கர்களை வளர்த்துவிட்டது யார் தெரியுமா? விளையாட்டு செய்தவர்கள்தான். 2022 பிப்ரவரியில் வந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற விளையாட்டு. தமிழில் ஒரு வரி கிடையாது. பொருளின் விவரமெல்லாம் பழைய காலத்துப் பாட்டுப் புத்தக இங்கிலீஷ். ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர் எப்படிப் பிழைக்கிறாரோ, அப்படித்தான் இவர்களும். மனு தமிழிலேயே இருந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை?

போதாததற்கு இந்த விளையாட்டு தப்பான திசையில் கையைக் காட்டுகிறது. ஓய்வெடுக்கும் தங்க ஒளி இருக்கிறதே, சைட் ஆஃப் கிரேஸ், அதிலிருந்து ஒரு ஒளிக்கோடு கிளம்பி நேராகக் கோட்டையைக் காட்டும். சாமியாடி குறி சொன்னதுபோல எல்லோரும் அதன் பின்னால் போகிறார்கள். நீங்களும் போயிருப்பீர்கள். கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் போட்டை எடுப்பார்களா? மார்கிட் அந்தக் கூண்டு. 'இன்னும் நேரம் வரவில்லை, திரும்பிப் போ' என்று சொல்லத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதை வாய் திறந்து சொல்லித் தொலைக்கலாம். சொல்ல மாட்டார்கள்.

ஆகவே கோட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டுத் தெற்கே போங்கள். பாலத்தைத் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. அங்குள்ள எதிரிகள் உங்கள் கைக்கு அடங்குவார்கள். பாழடைந்த தேவாலயங்களில் 'சேக்ரட் டியர்' கிடைக்கும், குடிக்கும் மருந்தின் வீரியம் கூடும். வழியில் பொன்னாக மின்னும் சிறு மரக்கன்றைப் பார்த்தால் விடாதீர்கள். அதன் அடியில் 'கோல்டன் சீட்' இருக்கும், குடுவையின் எண்ணிக்கை கூடும்.

லெவல் ஏறும் புள்ளிகளை எதில் போட்டிருக்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. வாளுக்கு வலு வேண்டும் என்று ஸ்ட்ரெங்க்தில் கொட்டியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். விகரில் போடுங்கள், உயிரின் அளவைக் கூட்டுவது அதுதான். விகர் 10 இருந்தால் உயிர் 414. விகர் 25 ஆனால் 800. இரண்டு அடியில் சாகிற ஆள் நாலு அடி தாங்குவார், அந்த இரண்டு அடி நேரத்தில்தான் எதிரியின் கையைப் படிக்க முடியும். 40 வரை தாராளமாக ஏற்றலாம், 1,450 கிடைக்கும்.

அடியின் பலம் வருவது ஆயுதத்தைத் தீட்டுவதில். விளையாட்டு தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் எல்லே தேவாலயம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு பட்டடைக் கல். சாதாரண ஆயுதத்தை அதில் +3 வரை ஏற்றலாம். முதல் ஏற்றத்துக்கு 2 கல், அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 6. மொத்தம் 12 ஸ்மிதிங் ஸ்டோன். ஏரிக்கு வடக்கே லிம்கிரேவ் டனல்ஸ் என்ற சுரங்கத்தில் சுவரிலேயே கல் பதிந்து கிடக்கும். ஒரே ஆயுதத்தை வைத்துக்கொண்டு அதையே ஏற்றுங்கள். கண்டதற்கெல்லாம் பிரித்துப் போட்டால் எதுவும் தேறாது. மந்திரம், தடி, இரண்டு கையில் இரண்டு வாள் என்று ஆரம்பிக்காதீர்கள். அதெல்லாம் அப்புறம்.

அந்த ஏரி அகீல் லேக். அங்கே இடிந்த கட்டடத்துக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். திறக்காதீர்கள். திறந்தால் புகை வந்து உங்களைத் தூக்கிக் கேலிட் என்ற பகுதியில் ஒரு சுரங்கத்துக்குள் போட்டுவிடும். அங்கே பூச்சி அடித்தே சாவீர்கள். சுரங்கத்தைவிட்டு நடந்தே வெளியே வரும்வரை மேப்பைத் தொட்டுத் திரும்பவும் முடியாது. விளையாட்டே கெட்டுவிட்டது என்று சொல்லி ஒருவர் டிஸ்க்கைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ராத்திரி நேரத்தில் எல்லே தேவாலயத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குதிரை கிடைத்த பிறகு போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு மணி கொடுப்பாள், கூடவே ஓநாய்களை அழைக்கும் சாம்பலும். மார்கிட் ஓநாய்களை விரட்டிக்கொண்டிருக்கும்போது முதுகில் அடிக்கலாம். இது கோழைத்தனம் என்று சிலர் எழுதுவார்கள். அவர்கள் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கவில்லை.

புரோக்கரிடம் போகாதே என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஒரே ஒரு புரோக்கருக்கு விலக்கு. அவர் இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறார். பேர் பேட்சஸ். சரியான திருட்டுப் பயல். ஆனால் அவரிடம் ஒரு சரக்கு இருக்கிறது, அது அசல். ஏரிக்கு வடக்கே ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் மர்க்வாட்டர் குகை. போகும் வழியில் சிவப்பாக ஒருவன் பாய்வான். கொஞ்சம் தாக்குப்பிடித்தால் யூரா என்ற ஆள் உதவிக்கு வந்துவிடுவார். குகைக்குள் பெட்டியைத் திறந்ததும் பேட்சஸ் மேலே விழுவார். அடியுங்கள். பாதி உயிர் போனதும் மண்டியிட்டுக் கெஞ்சுவார். அங்கே கையை நிறுத்த வேண்டும். பேசி மன்னித்துவிட்டால் பிறகு அதே குகையில் கடை விரித்திருப்பார். 5,000 ரூனுக்கு (எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் விளையாட்டுக் காசு) 'மார்கிட்ஸ் ஷேக்கிள்' என்று கட்டிப்போடும் விலங்கு ஒன்று விற்பார், அதை வாங்குங்கள். ஆத்திரத்தில் கொன்றுவிட்டீர்களா? போகட்டும், அவரிடமிருந்து விழும் மணியை எடுத்துக்கொண்டு ரவுண்ட்டேபிள் என்ற கூடத்தில் இருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் கொடுத்தால் அவர்கள் அதே சரக்கை விற்பார்கள்.

இந்த விலங்கை மார்கிட் முன்னால் பயன்படுத்தினால் அவன் தரையில் சிக்கிக் கிடப்பான். சண்டைக்கு இரண்டே தடவைதான், அதுவும் சண்டையின் முதல் கட்டத்தில் மட்டும். பாதி உயிர் நெருங்கும்போது கையில் பொன் சுத்தியல் முளைக்கும். அதன்பிறகு விலங்கு செல்லாது. ஆகவே கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைக்காதீர்கள். நுழைந்ததும் ஓநாயை அழையுங்கள், ஒருமுறை கட்டுங்கள், அடியுங்கள், எழுந்ததும் மறுபடி கட்டுங்கள். சண்டையில் செத்தாலும் விலங்கு தீர்ந்து போகாது, அடுத்த முறையும் கையில் இருக்கும்.

5,000 ரூனுக்கு எங்கே போவது என்றால், ஸ்டார்ம்ஹில்லில் திரியும் ராட்சதர்கள் ஆளுக்கு 1,000 தருவார்கள். குதிரையில் இருந்தபடியே காலில் ஒரு வெட்டு, ஓட்டம், மறுபடி ஒரு வெட்டு. ஐந்து பேர் போதும். கையில் ரூன் சேர்ந்ததும் வாங்கிவிடுங்கள், சுமந்துகொண்டு திரியாதீர்கள். செத்த இடத்தில் விழும் ரூனை எடுப்பதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு.

வாங்கிவிட்டு, அதே குகையில் அந்தப் பெட்டியை மறுபடி திறக்காதீர்கள். அது உங்களைக் காட்டில் ஒரு கரடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். சொன்னேனே, திருட்டுப் பயல் என்று.

இனி சண்டை. மார்கிட் தடியை ஓங்குவான், ஓங்கிக்கொண்டே நிற்பான். நீங்கள் பயத்தில் உருள்வீர்கள், எழுந்திருக்கும்போது சரியாக அடி விழும். 60 தடவையில் 50 இதுவாகத்தான் இருக்கும். ஓங்கும்போது உருளாதீர்கள், தடி இறங்கத் தொடங்கும்போது உருளுங்கள். பின்பக்கம் வேண்டாம், அவனை நோக்கி, அவன் கைக்கு அடியில். தூரத்தில் போய் மருந்து குடித்தால் உடனே பொன் கத்தியை வீசுவான். அவன் ஒரு பெரிய அடியை முடித்து மூச்சுவிடும்போது குடியுங்கள். அவன் ஓய்ந்த நேரத்தில் ஒரு வெட்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதுக்கு ஆசைப்படாதீர்கள். உடுப்பு, ஆயுதம் எல்லாம் சேர்ந்த எடை உங்கள் ஆள் தாங்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், அதைத் தாண்டினால் நெல் மூட்டை மாதிரி உருள்வீர்கள்.

கடைசியாக ஸ்டிக். காரணம் பாதி அதுவாகவும் இருக்கலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்டிக்கைத் தொடாமல் வட்ட பட்டனை மட்டும் தட்டுங்கள். உங்கள் ஆள் பின்னால் ஒரு துள்ளு துள்ள வேண்டும். துள்ளாமல் ஏதோ ஒரு பக்கமாக உருண்டால் ட்ரிஃப்ட், அதாவது ஸ்டிக் தானாக நகரும் கோளாறு, முற்றிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் ஒரு பக்கம் உருள நினைக்க, அது வேறு பக்கம் உருளும். உள்ளே இருக்கும் சின்னப் பட்டை தேய்வதால் வருவது இது. ஐசோபுரோபில் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் சில சமயம் சரியாகும், இல்லாவிட்டால் ஸ்டிக் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும். புதுக் கன்ட்ரோலரே வாங்கச் சொல்லி, ஒரிஜினல் பெட்டியில் டூப்ளிகேட்டைப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பில் கேளுங்கள், கேட்டதும் முகம் மாறினால் வாங்காமல் வந்துவிடுங்கள். கழற்றும்போது உள்ளே பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் வயர் ரொம்பச் சின்னது, இழுத்துவிடாதீர்கள்.