காற்று பிரியும் முன்பே கஞ்சியா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நாள்வாரியாக அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு இனிப்புப் பானம், அன்று மாலையே நாற்காலியில் உட்காருவது, மறுநாள் கஞ்சி, ஐந்தாம் நாள் வீடு. பெரியப்பாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது நாலு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தாளா? படுக்கையைக் காலி செய்யப் பார்க்கிறார்களா?

பதில்: பெரியப்பாவிடம் தினமும் காலையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: "காத்து பிரிஞ்சுதா?" குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம் என்று கருதினோம். மயக்கவியல் படித்த காலத்தில் நானும் கட்டில் கட்டிலாகப் போய் அதைக் கேட்டவன்தான். பிரியும்வரை மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ், வாயில் ஒன்றும் கிடையாது.

1990களில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹென்ரிக் கேலட் என்ற அறுவை மருத்துவர் இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்காகச் செய்கிறோம் என்று ஆராயத் தொடங்கினார். பலவற்றுக்குப் பழக்கம்தான் காரணம். குடல் மந்தமாவதில் நம் கைவேலையும் நிறைய இருந்தது. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் அதன் அசைவைக் குறைக்கும். அளவுக்கு மீறி ஏற்றும் சலைன் குடல் சுவரை வீங்க வைக்கும். அப்புறம், குடல் அசையவில்லையே என்று நாமே காத்திருப்போம்!

உங்கள் தாளில் இருப்பவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. வலிக்கு வேறு மருந்துகளைச் சேர்த்து மார்ஃபினைக் குறைத்தால் குமட்டல் குறையும். குமட்டல் இல்லாவிட்டால் கஞ்சி இறங்கும். கஞ்சி இறங்கினால் டிரிப்ஸைக் கழற்றலாம், கழற்றினால் நடக்கலாம். "கஞ்சி மட்டும் நாலு நாள் கழித்துக் கொடுக்கிறோமே" என்று நீங்கள் ஒன்றை உருவினால் மற்றதும் சரியும்.

இனிப்புப் பானத்துக்கு வருவோம். வெறும் வயிற்றோடு ஆபரேஷனுக்குப் போனால், அதன் பிறகு உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது அதிகமாகும். அதைக் குறைக்கத்தான் இது. தெளிந்த திரவம் இரண்டு மணி நேரத்தில் வயிற்றைவிட்டு இறங்கிவிடும். பால் அப்படியல்ல, அதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். எனவே "ஒரு வாய் காபிதானே" என்று விடியற்காலையில் பால் காபி கொடுத்துவிடாதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் பானத்தை மயக்க மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே தாளா? தொடக்கத்தில் ஆமாம். இப்படி நாள்வாரியாகத் தாள் வகுக்கும் முறையே 1980களில் அமெரிக்காவின் பாஸ்டனில் செவிலியர்கள் வளர்த்தெடுத்தது, பொறியாளர்களின் திட்ட அட்டவணையிலிருந்து கடன் வாங்கியது. தாளில் வகுத்த வழியிலிருந்து நோயாளி எங்கே விலகுகிறார், ஏன் விலகுகிறார் என்று குறிப்பதுதான் அதன் உயிர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010 மதிப்பாய்வில், இப்படி வழிமுறை வகுத்த இடங்களில் சிக்கல்கள் குறைவாக இருந்தன.

ஆனால் டிக் அடிப்பதே வேலையாகிவிட்டால் ஆபத்து. ஒரு முறை ரவுண்ட்ஸில் பார்த்தேன். 'திட உணவு' என்ற வரிக்கு நேரே டிக். தட்டில் இட்லி விள்ளாமல் கிடந்தது, சட்னி காய்ந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் உப்பல். டிக் அடித்த தம்பி நோயாளியின் பக்கமே திரும்பவில்லை.

எனவே கூட இருப்பவர் நீங்கள் என்றால், தினமும் காலையில் சிஸ்டரிடம், "இன்றைக்குத் தாளில் உள்ளதில் எது நடக்கவில்லை, ஏன்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குமட்டினால் கஞ்சியைத் திணிக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் என்பது கெடு இல்லை. வாய்வழி சாப்பாடு, மாத்திரையிலேயே அடங்கும் வலி, தானே கழிப்பறைக்குப் போய்வருவது, காய்ச்சலின்மை. இவை இருந்தால்தான் வீடு. இல்லையென்றால் ஏழாம் நாளானாலும் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தாளில் இருக்கிறதா பாருங்கள். குடலைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், அது வீட்டுக்குப் போன பிறகும் தலைகாட்டலாம். காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வாந்தி என்று வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிட ஓர் எண் வேண்டும். அச்சடிக்கவில்லை என்றால் தாளின் அடியில் பேனாவால் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.