சர்வருக்கு வீட்டு எஸ்எஸ்டி போதுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கு, சரக்கு இருப்பு எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. பழைய ஹார்டு டிஸ்க்குகளை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடப் போகிறோம். கடைக்காரர், வீட்டுக் கணினிக்கான சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் நான்கு வாங்கி ரெய்டு (ஒரு டிரைவ் போனாலும் தரவு தப்பிக்கும்படி பல டிரைவுகளை இணைப்பது) போட்டால் போதும் என்கிறார். சர்வர் விற்பவர் அதே சாம்சங்கின் சர்வர் வகையான பிஎம்893தான் வேண்டும் என்கிறார், விலை அதிகம். நாளொன்றுக்கு 200 ஜிபி வரை எழுதப்படும். கூடுதல் பணம் வீணா?

பதில்: வீணில்லை. ஆனால் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அவர்கள் ஆயுளைத்தான் காட்டுவார்கள். 870 ஈவோவின் 1 டெராபைட் வகைக்கு உத்தரவாதம் 600 டெராபைட் எழுதும் வரை. பிஎம்893இன் 960 ஜிபி வகைக்கு 1,752 டெராபைட். மூன்று மடங்கு போலத் தெரியும். உங்கள் 200 ஜிபி முழுவதும் ஒரே டிரைவில் விழுந்தாலும் 600 டெராபைட் தீர எட்டு ஆண்டாகும். அதற்குள் சர்வரையே மாற்றிவிடுவீர்கள்.

நீங்கள் காசு கொடுப்பது பிஎம்893இன் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கும் சில கெபாசிட்டர்களுக்கு, அதாவது கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகங்களுக்கு. பில் போட்டதும் டேட்டாபேஸ், "எழுதியாயிற்றா?" என்று டிரைவைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். வீட்டு டிரைவ், ஃபிளாஷ் எனும் நிரந்தர சிப்பில் எழுதி முடித்த பிறகுதான் ஆமாம் சொல்ல முடியும். ஏனென்றால் மின்சாரம் நின்றால் அதன் தற்காலிக நினைவகத்தில் உள்ளது போய்விடும். கெபாசிட்டர் உள்ள டிரைவுக்கு அந்தப் பயமில்லை, மின்சாரம் நின்ற பிறகும் எழுதி முடிக்கும் அளவு தெம்பு அதில் இருக்கிறது. எனவே தரவு தற்காலிக நினைவகத்துக்கு வந்ததுமே ஆமாம் சொல்லிவிடும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பில் போடும்போது வித்தியாசம் புரியும். பெட்டியில் அச்சடித்த, நொடிக்கு 530 எம்பி என்ற வேகம் அப்போது உதவாது.

யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். சர்வரின் பவர் சப்ளையே எரிந்தால் யுபிஎஸ் என்ன செய்யும்?

எதை வாங்கினாலும் முதலில் ஃபர்ம்வேரை, அதாவது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பி என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சில எஸ்எஸ்டிகளுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாவிட்டால் 32,768 மணி நேரம், அதாவது மூன்றே முக்கால் ஆண்டு ஓடியதும் டிரைவ் செத்துவிடும், தரவும் மீளாது. ஒரே நாளில் பொருத்திய நான்கும் அடுத்தடுத்துப் போனால் ரெய்டு எதைக் காப்பாற்றும்? எனவே அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்குகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை வேறொரு கணினியில் பொருத்தி, இரவுதோறும் பேக்கப் எடுங்கள்.