சோமாலியாவுக்குப் போக முடியலன்னா தலைப்ப மாத்தணுமா?

மாத்தாதீங்க. சோமாலி சமூகம் பத்தி பிஎச்டி, ஆனா சண்டையால உள்ள போக முடியாது, கைடு வேற நாட்டுக்கு மாறச் சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க. கேத்தரின் பெஸ்ட்மேன்ற அமெரிக்க மானிடவியல் ஆராய்ச்சியாளரோட கதைய ஒருதடவ பாருங்க. 1987-88ல தெற்கு சோமாலியாவுல ஜூபா ஆத்தங்கரையில பாண்டான்ற விவசாய கிராமத்துல தங்கி ஆராய்ச்சி பண்ணவங்க, அந்த மக்கள் பலரோட முன்னோர் 19ஆம் நூற்றாண்டுல கிழக்கு ஆப்பிரிக்காவுலருந்து அடிமையா கொண்டுவரப்பட்டவங்க. 1991ல அரசாங்கமே கவுந்துச்சு, ஊர் சிதறிப்போச்சு, திரும்பிப் போக வழியே இல்ல. ஆனா 2006 வாக்குல அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல அவங்க பாடம் நடத்துன காலேஜுலருந்து ரொம்ப தூரமில்லாத லூயிஸ்டன்லயே அதே பாண்டா ஆளுங்கள அகதிகளா பாக்குறாங்க! பழைய போட்டோவ காட்டுனா சொந்தக்காரங்க முகத்த அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க. அதுலருந்து அவங்க ஆராய்ச்சியோட ரெண்டாவது பாதியே ஆரம்பிச்சுது. ஆக ஆளுங்க எங்க இருக்காங்களோ அதுதான் உங்க ஃபீல்டு, சோமாலி மக்கள் நிறைய வாழுற நைரோபி ஈஸ்ட்லீ பகுதி, லண்டன், மினியாபொலிஸ் எல்லாமே.

இன்னொன்னு, சோமாலி சமூகத்த பத்தி எழுதுன பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ மட்டும் படிச்சிட்டு நிக்காதீங்க. பெரிய ஆளுதான், ஆனா 1955-57ல அவர் பாத்தது முக்கியமா வடக்குல ஒட்டகம் மேய்க்கிறவங்கள. தெக்க விவசாயம் பண்றவங்க கதையே வேற. சோமாலிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972லதான், அதனால பழைய விஷயம் நிறைய வாய்மொழிக் கவிதையிலதான் கிடக்கு. மொழிய இப்பவே கத்துக்க ஆரம்பிங்க, கைடுகிட்ட அப்புறமா பேசிக்கலாம்.