பாரிஸ் பெரிய பள்ளிவாசல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

காரைக்காலில் பிறந்தவன், பாரிஸுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்தப் பள்ளிவாசலைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பாரிஸில் பள்ளிவாசல்கள் பல உண்டு, நான் சொல்வது ஐந்தாம் வட்டாரத்தில் தாவரவியல் தோட்டத்தை ஒட்டி இருக்கும் பெரிய பள்ளியை. மெட்ரோ 7-ஆம் தடம், பிளாஸ் மோன்ஜ் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

கேள்வி: அண்ணா, நாங்கள் இந்துக்கள், குடும்பமாக வருகிறோம். உள்ளே விடுவார்களா?

தாராளமாக. வாசலில் சின்னக் கட்டணம், நான் கடைசியாக நண்பர்களைக் கூட்டிப்போனபோது ஆளுக்கு 3 யூரோ. தோட்டம், நீரூற்று, பளிங்கு முற்றம், மொரோக்கோ பாணி ஓட்டுச்சில்லு வேலைப்பாடு, எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். தொழுகைக் கூடத்துக்குள் மட்டும் தொழுகிறவர்கள்தான் போவார்கள், நீங்கள் வாசலில் நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமையும் பெருநாள் அன்றும் சுற்றிப்பார்க்க விடுவதில்லை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை மதியம் வந்து கேட் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய. அப்புறம் ஒன்று, நாகூருக்குப் போய்ப் பழகிய கண்ணோடு வராதீர்கள். மயிலிறகால் தடவ ஆள், சர்க்கரை, தொட்டுக் கும்பிட ஒரு சமாதி என்று தேடினால் ஏமாற்றமாக இருக்கும். அது தர்கா, இது பள்ளி.

கேள்வி: என்ன உடுத்துவது? ஜூலையில் வெயில் அடிக்கும் என்கிறார்கள்.

முட்டியும் தோளும் மூடினால் போதும், ஆண்களுக்கும்தான். பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தருவார்கள் என்று நம்பி வர வேண்டாம். தொழுகிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பிரான்ஸ் அரசு மதத்துக்குக் காசு தராது என்று படித்தேன். பிறகு இதை யார் கட்டினார்கள்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1905 சட்டப்படி அரசு எந்த வழிபாட்டுக்கும் பணம் தரக்கூடாது, உண்மைதான். ஆனால் முதல் உலகப்போரில் அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, செனகல் என்று காலனிகளிலிருந்து கொண்டுவந்த முஸ்லிம் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் பிரான்ஸுக்காகச் செத்திருந்தார்கள். அந்தக் கடனை எப்படியாவது அடைக்க வேண்டும். அதனால் பள்ளிவாசல் என்று சொல்லாமல் 'முஸ்லிம் நிறுவனம்' என்று பெயர் வைத்து, 1920-இல் தனிச் சட்டம் போட்டு 5,00,000 பிராங்க் ஒதுக்கினார்கள். நூலகம், கூட்ட அறை, கூடவே ஒரு பள்ளிவாசல்! வேலை 1922-இல் தொடங்கியது, 1926 ஜூலை 15 அன்று குடியரசுத் தலைவர் தூமெர்கும் மொரோக்கோ சுல்தான் மூலே யூசுப்பும் வந்து திறந்தார்கள். நன்றிக்கடன் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் காலனி ஆட்சியின் விளம்பரமும் சரிபாதி தெரிகிறது. புதுச்சேரி கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் பார்த்திருப்பீர்களே, அதே போர்தான்.

கேள்வி: நானா, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ வேண்டும். எத்தனை மணி? பாங்கு கேட்குமா?

33 மீட்டர் உயரத்துக்குச் சதுர மினாரா (கோபுரம்) நிற்கிறது, ஆனால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு அதிலிருந்து ஒலிபெருக்கியில் வெளியே வராது. நேரத்தைப் பள்ளியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் மதியத் தொழுகையான லுஹரே இரண்டு மணியை ஒட்டித்தான் வரும். குத்பா பிரசங்கம் அரபியிலும் பிரெஞ்சிலும் இருக்கும். கூட்டம் அதிகம், சீக்கிரம் போங்கள். பக்கத்தில் நிற்கும் அல்ஜீரியப் பெரியவர் கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுதால் முறைக்காதீர்கள், அது மாலிகி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) வழக்கம். நாம் ஊரில் தொழுகையில் விரல் அசைப்பதற்கே இரண்டு பட்டு நிற்கிறவர்கள், அதனால் முன்னாடியே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ஜூனில் இரவுத் தொழுகை இஷா நள்ளிரவு ஆகிவிடுமாமே? பிள்ளைகளோடு எப்படிச் சமாளிப்பது?

ஆமாம், சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும். ஷாபி மத்ஹபுக்காரர் என்றால் பயணச் சலுகை இருக்கிறது: லுஹரையும் மாலை அசரையும் சேர்த்து, அந்தி மஃரிபையும் இஷாவையும் சேர்த்து, நாலு ரக்அத்தை (தொழுகைச் சுற்று) இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஆனால் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு நாள் தங்கப்போகிறோம் என்று மனதில் நிய்யத் (எண்ணம்) வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஹனபிக்காரர்களுக்குக் கணக்கு வேறு, பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் சுருக்கலாம், சேர்த்துத் தொழ முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டும் இருந்தால் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள், ஓட்டல் அறையில் சண்டை வேண்டாம்.

கேள்வி: வெளியே சுற்றும்போது ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது), கழிவறை?

பள்ளியில் கவலையே இல்லை. வெளியேதான் தொல்லை, கழிவறையில் காகிதம் மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது. காலி பாட்டில் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ரயில் நிலையத்தில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! தோல் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒளுவோடு போட்டுக்கொண்டால் பயணிக்கு மூன்று நாள் வரை காலைக் கழுவாமல் அதன்மேல் ஈரக்கையால் தடவிக்கொண்டாலே போதும்.

கேள்வி: தம்பி, நான் முகம் மூடுகிறவள். பிரச்சினை வருமா?

வரும் லாத்தா. 2010-இல் போட்ட சட்டப்படி தெருவில், கடையில், ரயிலில் முகத்தை மூடக்கூடாது, 150 யூரோ வரை அபராதம். தலையை மறைக்கும் முக்காடு, முகம் மூடாத புர்காவுக்குத் தெருவில் தடை இல்லை. எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை, ஆனால் போலீஸ்காரரிடம் அதைச் சொல்லி லாபம் இல்லை. பெண்கள் தொழவும் இந்தப் பள்ளியில் தனி இடம் உண்டு, நம் ஊரில் எத்தனை பள்ளியில் இருக்கிறது?

கேள்வி: அங்கே ஹம்மாம் (நீராவிக் குளியல்) இருக்கிறதாம், போகலாமா அண்ணா?

நீங்கள் ஆண், போக முடியாது. இப்போது பெண்களுக்கு மட்டும்தான். என் மனைவி ஒரு முறை போய்விட்டு வந்தாள்: சுடுநீர் ஆவி, கறுப்புச் சோப்பு, தேய்த்துவிட ஆள், எல்லாம் சுகம்தான், ஆனால் பாதிப் பேர் மேலாடை இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள். கூச்சப்படுகிறவர்கள் யோசித்துப் போங்கள்.

கேள்வி: டீ குடிக்கவும் டிக்கெட் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். டீக்கடைக்கு வாசல் பின்பக்கம், ழோஃப்ருவா சென்ட் இலேர் தெருவில். அத்திமர நிழலில் உட்கார்ந்தால் சின்னக் கண்ணாடிக் குவளையில் புதினா டீ வரும், சர்க்கரை கொட்டிப் போட்டிருப்பார்கள், 'சர்க்கரை கம்மி' என்ற பேச்சே கிடையாது. பலகாரத் தட்டை மட்டும் கையால் மூடிக்கொள்ளுங்கள், சிட்டுக்குருவிகள் மேசைக்கே வந்து கொத்திக்கொண்டு போய்விடும்.